சுவரைத் தாண்டாத பந்து

“என் மைதானத்துப் பந்து எனக்குத்தான் சொந்தம். இதில் பேச என்ன இருக்கிறது?”

விட்டேக்கர் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். துணி வெளுத்துப் பிழைக்கும் ஒடெஸாவின் அடுக்களையில், தொப்பியைக்கூடக் கழற்றாமல், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டு. எதிரே கோரா நின்றாள். மேஜைமேல் கிடந்த அந்தப் பழைய பந்தை அடித்தவன் அவள் புருஷன் எலைஜா.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட வெள்ளையருக்கு ஒரு அணி, கறுப்பருக்கு வேறு அணி என்றிருந்த காலத்து ஆட்டக்காரன் அவன். எலைஜா அடித்தால் பந்து திரும்பி வராது என்று ஊர் ஊராகப் பேச்சு. இருந்து என்ன? சட்டை மாற்றுவது பஸ்ஸுக்குள், சாப்பாடு ஹோட்டலின் கொல்லைவாசலில். வெள்ளை அணி வெளியூர் போன நாட்களில்தான் விட்டேக்கரின் மைதானம் இவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். அதுவும் குளியலறையைப் பூட்டிவிட்டுத்தான் கொடுப்பார். வியர்வைக்குக்கூட நிறம் பார்த்த மனிதர்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சுவரைத் தாண்டி அடித்தவன் பெயரை அந்தச் சுவரிலேயே எழுதுவார்கள். இருந்தது ஒரே பெயர், ஒரு வெள்ளைக்காரனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலைஜா அடித்த பந்து அந்தப் பெயருக்கும் மேலே பறந்து மறைந்ததைக் கூட்டமே பார்த்தது. விட்டேக்கர் மைதானத்துக்குள் இறங்கி வந்தார். “வெளியே போகவில்லை. சுவரில் பட்டு உள்ளேதான் விழுந்தது.” நடுவர் அவரிடம் சம்பளம் வாங்குபவர், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பந்து, சுவருக்கு அப்பால், ஒடெஸாவின் துணித் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. கறுப்பர் அணிக்குப் பந்துக்கே தட்டுப்பாடு. வெளியே விழுந்ததைக் கொண்டுவந்து கொடுப்பவரை டிக்கெட் இல்லாமல் உள்ளே விடுவார்கள். ஈரப் பந்தோடு ஓடினாள் ஒடெஸா. வாசலில் விட்டேக்கரின் ஆள் மறித்தான்.

“பந்து வெளியே போகவில்லை என்று முதலாளி சொன்னால் போகவில்லைதான். இது எங்கள் பந்து இல்லை. நீயே வைத்துக்கொள்.”

வைத்துக்கொண்டாள்.

இப்போது இரு நிறத்தாரும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். அதைப் பார்க்க எலைஜா இல்லை. சுவரில் இன்னமும் அந்த ஒரே பெயர். கறுப்பர் கூட்டமும் டிக்கெட் வாங்க வருகிறதே என்று விட்டேக்கருக்குத் திடீர் ஞானோதயம்: பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் வாசலுக்கு அழகு.

“அடித்தது உன் புருஷன் என்பாய், கோரா. அடிப்பது அவன் வேலை. அதற்காகப் பந்து உனக்கா?”

“என் தொட்டிக்குள் விழுந்தது, ஐயா,” என்றாள் ஒடெஸா. “வெளுத்த துணியை எல்லாம் மறுபடி வெளுத்தேன். அதற்கு யாரும் சொந்தம் கொண்டாடி வரவில்லையே.”

மைதானம் ஒருவருடையது, அடி ஒருவனுடையது, தொட்டி ஒருத்தியுடையது. நீங்களே சொல்லுங்கள், பந்து யாருக்குச் சேர வேண்டும்?

ஒடெஸாவுக்குத்தான். எங்களுடையது இல்லை என்று மைதானத்தின் வாசலே சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டது. விட்டேக்கர் கேட்கட்டும், ஆனால் கேட்ட அந்த நொடியே, பந்து சுவரைத் தாண்டியது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. கோராவுக்கோ பந்தே வேண்டாம்.

ஒடெஸா அதை அவர் பக்கம் தள்ளினாள். “எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. என் வீட்டுக்கு எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“எலைஜா டாபின்ஸ்,” என்றாள் கோரா. “சுவரில் இடம் நிறைய இருக்கிறது, ஐயா. அந்தப் பெயரை எழுதிவிடுங்கள்.”

விட்டேக்கர் எழுந்து தொப்பியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் தலையிலேயே இருந்தது.