கரும்பு வேலி வாங்கிய குழு

வேலி போட முள் வேண்டுமா, கரும்பே போதுமா? நீங்களே சொல்லுங்கள் பிள்ளைகளே.

ஓநாய்த் தொல்லை தாங்காத ஒரு காட்டில் முயலம்மா ஒருத்தி இருந்தாள். குட்டிகளை வளைக்கு வெளியே விடவே அவளுக்குப் பயம். "எங்களுக்கு ஒரு வேலி வாங்கிக் கொடுங்கள் ராஜா" என்று சிங்கத்திடம் போய்க் கேட்டாள்.

சிங்கம் உடனே சம்மதித்தது. வேலி வாங்க ஒரு குழுவும் போட்டது. அந்தக் காட்டில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் குழுவில் உறுப்பினர். அன்று நிழலில் சும்மா இருந்தவை யானை, கரடி, மயில்.

"நானும் வரட்டுமா? ஓநாய் எப்படி நுழையும் என்று எனக்குத் தெரியுமே" என்றாள் முயலம்மா.

"உன் காது பெரிசு, மறைக்கும். பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது" என்றது மயில், தோகையை விரித்தபடி.

வேலி விற்கும் நரி ஒரு முள்கிளையைக் கொண்டுவந்து காட்டியது. யானை அதைத் துதிக்கையால் தடவிப் பார்த்தது.

"என்னப்பா, குத்துகிறதே?"

"வேலி அண்ணே. குத்தாமல் என்ன செய்யும்?"

"குத்தாத சரக்காகக் கொண்டு வா. கரும்பில் இருந்தால் நல்லது."

"மேலே தேன் தடவிவிடு. மழைக்கு நனையாது" என்றது கரடி.

"நடுவில் பெரிய ஓட்டை வை. நான் ஆடுவதை வெளியே இருப்பவர்களும் பார்க்க வேண்டாமா?" என்றது மயில்.

நரிக்கு என்ன போயிற்று? கேட்டபடியே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது.

மறுநாள் யானை வேலியின் பலத்தைச் சோதித்தது, ஒவ்வொரு கரும்பாக, வாயால். கரடி தேனைச் சோதித்தது, நாக்கால். மாலையில் ஓநாய்கள் வந்தபோது சக்கைதான் மிச்சம்.

முயலம்மா குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடி, யானையின் காலடியில் புகுந்தாள். பாய்ந்து வந்த ஓநாய் யானையின் வாலைக் கவ்விவிட்டது. யானை பிளிறிய பிளிறலில் கரடி உருண்டது, மயில் மரத்தில் ஏறியது, ஓநாய்கள் அடுத்த காட்டுக்கே ஓடின. குட்டிகள் பிழைத்தன.

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. "இனி குழுவுக்கு நீதான் தலைவி, தாயி. இவர்களை விரட்டிவிடட்டுமா?"

"வேண்டாம் ராஜா. யானை அண்ணன் முள் சுமக்கட்டும். கரடி அண்ணன் குழி தோண்டட்டும். மயிலண்ணன் மரத்து உச்சியிலேயே இருந்து, ஓநாயைக் கண்டால் கத்தட்டும். எந்த வேலி நல்லது என்று மட்டும் இவர்களைக் கேட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்."

நீதி: சும்மா இருக்கிறார் என்று ஒருவரைப் பொறுப்பில் வைக்காதே, அந்த வேலை தெரிந்தவரைத் தேடி வை.