கற்றாழை விருந்துக்குப் போன கதை

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் ஆவுடை என்றொரு பெண் இருந்தாள். விருந்தாளி என்றால் அவளுக்கு உயிர். அவள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்திருக்கப் பட்ட பாட்டை ஊரே சொல்லிச் சிரிக்கும்.

ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது அவள் கை வெந்துபோயிற்று. வேலியோரம் உடைமரத்தின் அரைநிழலில் நின்றிருந்த கற்றாழை அதைப் பார்த்துப் பதறியது. "இங்க வா ஆவுடை, என் மடல்ல ஒண்ணை ஒடிச்சுக்கோ" என்றது. உள்ளிருந்த வழவழப்பான சோற்றைத் தடவியதும் எரிச்சல் அடங்கிவிட்டது.

ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. "மைனி, நீங்க இனிமே வெயில்ல நிக்கப்பிடாது. நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அண்ணி முறை கொண்டாடி, வேரோடு பெயர்த்து ஒரு மண்தொட்டியில் நட்டு எடுத்துக்கொண்டு போனாள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என்று, சன்னல் இல்லாத உள்ளறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொகமா இருக்கா மைனி?"

கற்றாழைக்கு அந்த இருட்டில் மூச்சு முட்டியது. ஆனால் விருந்துக்கு வந்த இடத்தில் குறை சொல்லலாமா? "எனக்கென்ன குறை" என்றது.

வெளிச்சத்தைத் தேடி அதன் மடல்கள் நீண்டன, வெளுத்தன. விருந்தாளி நன்றாக வளர்கிறாள் என்று ஆவுடை பூரித்துப்போனாள். ஒரு காலையில் கற்றாழை தண்டோடு வளைந்து தரையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது.

"கொஞ்சம் வெயில் பட்டா நல்லாருக்கும்" என்று கற்றாழை முனகியது.

எதையும் கொஞ்சமாகக் கொடுத்து ஆவுடைக்குப் பழக்கமில்லை. தூக்கிக்கொண்டு போய் நடுமுற்றத்தில் உச்சிவெயிலில் வைத்தாள்.

"போதுமா மைனி?"

"போதும் ஆவுடை, போதும்."

போதும் என்கிற விருந்தாளிக்கு இன்னோர் அகப்பை போட்டே பழகிய கை அது. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், நிழலில் வெளுத்துப்போயிருந்த அந்த மடல்கள் செக்கச்செவேலென்று சிவந்து, நுனி கருகிச் சுருண்டிருந்தன. ஆவுடை அப்படியே உட்கார்ந்து அழுதாள். "எங் கையக் காப்பாத்துன உங்கள நானே கொல்லப் பாத்தேனே. மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆசையா வச்சிருக்கே, சொன்னா மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்."

"நீங்களும் வாயத் தொறந்து சொல்ல மாட்டிய, நானும் போதும்னா கேக்க மாட்டேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள் ஆவுடை. "இனி பேச்சே வேண்டாம் மைனி. உங்க உடம்பப் பாத்து நானே தெரிஞ்சுக்கிடுதேன்."

கற்றாழைக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. பேச்சை அன்றோடு விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தது.

ஆவுடை அதைக் கிழக்கு வாசலுக்குக் கொண்டுவந்தாள். காலை இளவெயில் அங்கே மேலே படும், பொழுது ஏறினால் கூரையின் நிழல் விழும். மடல் நீண்டு வெளுத்தால் வெளியே கொஞ்சம் நகர்த்தினாள். சிவந்தால் உள்ளே கொஞ்சம் இழுத்தாள். மெல்ல மெல்ல, நடுவிலிருந்து குண்டாக ஒரு புது மடல் எட்டிப் பார்த்தது. ஆவுடைக்கு வயிறு நிறைந்துபோயிற்று.

கற்றாழை வாயை மூடிக்கொண்டு உடம்பால் பேசத் தொடங்கியது அன்று முதல்தான். வீட்டுக்குள் தொட்டி வைத்திருப்பவர்கள் அதனிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், பார்த்தால் போதும்.