காலை எடு என்று சொல்ல ஆளில்லை

மூளையைப் பங்கு பிரித்த அன்று கோணமேட்டுக்காரர்கள் பந்தி எங்கே என்று தேடிப் போயிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மலையூரில் மாசிலாமணிக்குக் கல்யாணம். பத்து மணிக்குள் அடிவாரத்து மண்டபத்தில் தாலி கட்டியாக வேண்டும். விட்டால் அந்த வருஷம் முகூர்த்தமே இல்லை என்று புரோகிதர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையை ஏற்றிப் போக அப்பா காலத்துக் கார் ஒன்று இருந்தது. விடிந்ததும் அண்ணன் திருமேனி பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பெடல் மெத்தென்று தரை வரை போனது.

"காலுக்குச் சுகமாத்தானே இருக்கு?" என்றார் சித்தப்பா அங்கப்பன்.

"சுகமாத்தான் இருக்கு சித்தப்பா. வண்டிதான் நிக்கல."

மெக்கானிக் தாவூது பாய்க்குப் போன் போட்டார்கள். "லைன்ல காத்து பூந்திருக்கு. காத்தை எடுத்துட்டா சரியாயிடும்" என்றார் அவர்.

காரில் காற்று எங்கே இருக்கும்? டயரில். நாலிலும் காற்றைப் பிடுங்கி விட்டார்கள். கார் தரையோடு உட்கார்ந்தது. பெடல் அப்படியே இருந்தது.

"ஸ்டெப்னியை மறந்துட்டோம்டா" என்றார் சித்தப்பா. அதிலும் பிடுங்கினார்கள்.

மறுபடி போன். பாய் கத்தினார்: "டயர்ல இல்லய்யா, பிரேக் லைன்ல! ஒருத்தர் உள்ள உக்காந்து பெடலை நல்லா மிதிச்சுப் பிடிக்கணும். ஒருத்தர் கீழ படுத்து, சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற நிப்பிளைத் திறந்து, காத்து போனதும் மூடணும். கீழ படுத்தவர் 'எடு'ன்னு சொல்ற வரைக்கும் மிதிக்கறவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து திரும்பப் பூந்துரும்."

"மூடணும்னா, எதை?" என்று கேட்டார் சித்தப்பா.

"வாயை! வாயை மூடிக்கிட்டுச் சொன்னதைச் செய்யுங்க!"

பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே உள்ளே உட்கார்ந்து மிதித்தான். சித்தப்பா கீழே படுத்தார். நிப்பிளைத் திறந்தார், காற்று போனது, மூடினார். வாயையும் மூடினார். வேலை சுத்தமாக முடிந்தது. எழுந்து வந்து கைகட்டி நின்றார்.

"சித்தப்பா, காலை எடுக்கவா?"

அவர் வாயைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையாட்டினார்.

"எடுடா, நேரமாகுது!" என்றான் திருமேனி.

"நீ கீழ படுக்கலியே."

திருமேனி புதுச் சட்டையோடு படுத்தான். "இப்ப எடு!"

"நீ இப்பப் படுத்தவன். பாய் சொன்னது அப்பப் படுத்தவரை. காத்து பூந்துட்டா நீயா பொறுப்பு?"

அதில் நியாயம் இருப்பதாகத் திருமேனிக்கும் பட்டது. அதனால் வேன் பிடித்துப் போய், பெண்ணையும் அவள் அப்பாவையும் புரோகிதரையும் மலைக்கு ஏற்றி வந்தான்.

"மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் குறையா?" என்று கேட்டார் மாமனார்.

"குறை இல்லீங்க மாமா, கடமை" என்றான் மாப்பிள்ளை.

மாமனாருக்குப் பரம திருப்தி. பெண் செண்பகவல்லி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பத்தடிக்கச் சற்று முன் தாலி ஏறிவிட்டது. சனியன் அதோடு விட்டதா? "பொண்ணோட வலது காலைப் பிடிச்சு அம்மி மேல வைக்கணும்" என்றார் புரோகிதர்.

அம்மி மண்டபத்தில் இருந்தது.

"கெட்டியா மிதிக்க வேற ஏதாவது இருக்கா?"

"பெடல் இருக்கு சாமி. இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றான் மாசிலாமணி. அவள் காலைத் தூக்கித் தன் காலின் மேலேயே வைத்தான்.

"இந்தக் கல்லைப் போல அசையாம இரும்மா" என்று மந்திரத்துக்கு அர்த்தம் சொன்னார் புரோகிதர்.

ஜோடிப் பொருத்தம் என்றால் அதுதான். அவள் அசையவே இல்லை.

வளைகாப்பும் அந்த முன்சீட்டிலேயே நடந்தது. வளையல் போட வந்த பெண்கள் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சித்தப்பா வாய் திறக்காமல் அட்சதை போட்டார். திருமேனி வெளியே நின்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"பிரேக்குக்கு இனிமே கவலை இல்லீங்க. கிளட்ச்தான் கொஞ்சம் லூசா இருக்கு. பிள்ளை பொறக்கட்டும், அதுக்கும் ஒரு கால் கிடைச்சுரும்."