பலகையில் எழுதிய பிளாஸ்திரி

ஆசிரமத்துச் சமையலறைப் பொறுப்பு சீடர் ஏகாம்பரத்திடம் இருந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வெயிலைப் பொறுத்தார், கொசுவைப் பொறுத்தார், சமையல்காரி செங்கமலத்தின் வாயை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. "அரிவாள்மணை ஆடுது, ஆசாரியைக் கூப்பிடுங்க" என்று ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று குருவுக்கு மௌனவிரதம். பூசணிக்காய் நறுக்கும்போது மணை சரிந்து செங்கமலத்தின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட நேரே குருவிடம் வந்து நின்று, பக்தர்கள் எல்லாரும் பார்க்க ஏகாம்பரத்தை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குரு பலகையில் அவசரமாக எழுதி ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

'இந்த அம்மாவுக்கு உடனே பிளாஸ்திரி போடுங்கள்.'

ஏகாம்பரத்துக்கு வயிறு குளிர்ந்தது. சாமிக்கே இவள் வாய் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். சமையலறைக்கு அவளை அழைத்துப் போனார்.

"உனக்குப் படிக்கத் தெரியாதில்ல, நான் சொல்றேன் கேட்டுக்க. உன் வாய்க்குப் பிளாஸ்திரி போடச் சொல்லி சாமி எழுதிட்டாரு. இனிமே ஒரு பேச்சுப் பேசக்கூடாது."

செங்கமலம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மீதிப் பூசணியை நறுக்கினாள். அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை துணிமூட்டையோடு குருவிடம் வந்தாள். கை வீங்கியிருந்தது.

"நான் போறேன் சாமி. என் வாய்க்குப் பிளாஸ்திரி போடணும்னு நீங்களே எழுதிக் குடுத்தப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

குருவின் முகம் சிவந்தது. வெந்நீர் வரவழைத்து, அவரே அவள் கையைக் கழுவி, மருந்து வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"மணை இன்னும் ஆடுதுங்க" என்றாள் செங்கமலம், கோபம் தணியாமல்.

"ஆசாரி இன்னிக்கே வருவாரும்மா. கை ஆறுற வரைக்கும் நீங்க அடுப்படிக்குப் போக வேண்டாம். ஊருக்கும் போக வேண்டாம்."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்துக்கு அவமானமாகிவிட்டது. முப்பது வருஷம் உத்தரவுகளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவர் அவர். பலகையைக் கொண்டுவந்து குருவின் முன்னால் டொக்கென்று வைத்தார்.

"எழுத்து இன்னும் அழியலை, நீங்களே பாருங்க. கைக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா நான் ஏன் தப்பாப் புரிஞ்சுக்கப்போறேன்?"

குரு பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ரத்தம் கையிலதான வடிஞ்சுது. நீங்க ஏன் வாயைப் பார்த்தீங்க?"