நீர்நாயின் குரலில் வந்த செய்தி

குளத்துக்குள் முதலை வந்துவிட்டது என்று காவலுக்கு இருந்த நீர்நாய்க்குத் தெரியும். தலைவர் காட்டெருமைக்கும் தெரியும். காட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"வெளியே மூச்சு விடாதே!" என்றது காட்டெருமை. "முதலை இல்லாத குளம் தருவேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். மழைக்கு முன்னால் மறுபடியும் தேர்தல் வருகிறது."

"ஐயா, இரண்டு மான்குட்டிகளைக் காணோம்."

"வழி தவறிப் போயிருக்கும். இது காட்டின் ரகசியம். காவல்காரி நீ, காவலை மட்டும் பார்!"

மறுநாள் மூன்றாவது குட்டியும் காணாமல் போயிற்று. நீர்நாய் கரிச்சான் குருவியைத் தேடிப் போனது.

விடிந்ததும் தேக்கு மரத்து உச்சியில் அமர்ந்து காட்டுக்குச் செய்தி சொல்வது கரிச்சான்தான். யார் கொண்டுவந்த செய்தியோ, அவர் குரலிலேயே சொல்லும். மயில் தந்த செய்தி என்றால் மயிலாகவே அகவும். "அப்படியே இருக்கிறதே!" என்று குரங்குகள் கிளைகளைத் தட்டும்.

"தம்பி, வடகரையில் முதலை இருக்கிறது. யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிடு. என் பெயர் மட்டும் வரக் கூடாது. இந்தக் குளத்தை விட்டால் என் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை."

"உங்கள் பெயரா? என் அலகை உடைத்தாலும் வராது, அக்கா!"

கரிச்சான் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் காலையில் கூட்டத்தைப் பார்த்ததும் அதற்கு உற்சாகம் வந்துவிட்டது. கீச்சிட்டு, நடுவில் ஒரு சீழ்க்கை வைத்து, அச்சு அசலாக நீர்நாயின் குரலில் செய்தியைச் சொன்னது.

"பிரமாதம்!" என்று குரங்குகள் கிளைகளைத் தட்டின. கரிச்சான் தலை வணங்கியது. வணங்கும்போதுதான் கவனித்தது. காட்டெருமை குளத்தைப் பார்க்கவில்லை. நீர்நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பகலில் சபை கூடியது.

"ரகசியத்தை வெளியே விட்டது யார்? அதுதான் கேள்வி!" என்றது காட்டெருமை.

"நான் யார் பெயரையும் சொல்லவில்லை!" என்றது கரிச்சான்.

"இவ்வளவு நன்றாகப் பேசிக் காட்டிய பிறகு பெயர் எதற்கு?" என்றது காட்டெருமை.

குட்டியைப் பறிகொடுத்த மான் மெல்லக் கேட்டது: "தலைவரே, முதலை இருப்பது நிஜம்தானா?"

"அதை விசாரிக்கத் தனியாகக் குழு போடுவோம்!"

மான் மிச்சமிருந்த குட்டியைத் தென்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டது. நீர்நாய்க்காக யாரும் வாய் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அது குளத்தை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பானது.

காய்ந்த ஓடை வழியே கரிச்சான் பின்னால் பறந்துபோனது.

"அக்கா, வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம்... பாராட்டுவார்கள் என்று..."

நீர்நாய் நிற்காமல் நடந்தது. மற்றக் குட்டிகளைக் கொண்டுபோய் விட்டு வந்த அதன் வாயில் கடைசிக் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

சில நாட்கள் கழித்து, ஒரு முள்ளம்பன்றி எதையோ சொல்ல வந்ததுபோல் தேக்கு மரத்தடியில் நின்றது. நிமிர்ந்து கரிச்சானைப் பார்த்தது.

"என்ன?"

"ஒன்றுமில்லை, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி நடந்தது. அதைத் திரும்பக் கூப்பிடக் கரிச்சானுக்கு வாய் வரவில்லை.

நம்பிச் சொன்னவரைக் காப்பாற்றாதவர் ஊருக்கு உண்மையையே சொல்லியிருந்தாலும், அவர் செய்தது காட்டிக்கொடுத்தல்தான்.