கிருமி மருந்தைப் பழகிக்கொண்ட கதை

நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காயில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. அதைத் தூக்கி எறியும்போதுதான் இந்தக் கதை ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் பூசணமும் பேசும், கிருமியும் பேசும். வெள்ளச்சி என்று ஒருத்தி. அவள் மகள் பூவாயிக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டே கிடந்தாள். அழுகின நார்த்தங்காயில் உட்கார்ந்திருந்த பூசணம் வெள்ளச்சியைக் கூப்பிட்டது.

"என் சாறு ஒரு கலயம் தர்றேன், குடிக்கக் கொடு. கலயம் காலியாகிற வரைக்கும் நிறுத்திடாதே."

பாதிக் கலயத்திலேயே காய்ச்சல் விட்டது. பூவாயி எழுந்து ஓடினாள். பக்கத்து வீட்டு ராக்கு அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மதினி, என் மகனுக்கு மூக்கு ஒழுகுது. உன் பிள்ளைதான் குதிக்கிறாளே, மிச்சத்தைக் கொடேன்."

முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது? வெள்ளச்சி கொடுத்துவிட்டாள்.

புண்ணுக்கு அடியில் தோல் தடித்த கிருமி ஒன்று சாகாமல் கிடந்தது. அது பெருகியது. தன் பிள்ளைகளுக்கும், வழியில் கண்ட வேறு கிருமிகளுக்கும் சொல்லிக் கொடுத்தது. "நான் குடிச்சே பார்த்துட்டேன்டா. இப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

புண் மறுபடியும் வெடித்தது. வெள்ளச்சி ஓடிப்போய்ப் பூசணத்திடம் சாறு வாங்கிப் பிள்ளை வாயில் ஊற்றினாள். உள்ளே வந்த சாற்றைப் பார்த்துக் கிருமிகள் சிரித்தன. "வாங்க மாமா, சௌக்கியமா?"

பூசணம் கையை விரித்துவிட்டது. "இனி என்னால ஆகாது. மழை பெய்ததும் மண்ணுக்குள்ளே இருந்து மணக்கிறானே ஒரு நல்ல கிருமி, அவன்கிட்ட போ."

வெள்ளச்சி மண்ணைத் தோண்டிக் கெஞ்சினாள். மண்வாசக்காரன் தன் சாற்றைக் கொடுத்தான். "என்னையும் பாதியில் விட்டா, அப்புறம் உனக்குக் கொடுக்க யாரும் இல்லை" என்றான்.

காய்ச்சல் விட்டது. ராக்கு திரும்பவும் மிச்சத்தைக் கேட்டு வந்து நின்றாள்.

"மூக்கு ஒழுகுறது தானா நின்னுடும் மதினி. இது புண்ணுக்கு" என்றாள் வெள்ளச்சி.

"ஒரு மடக்குக்கு இவ்வளவு கஞ்சத்தனமா? இனி உன் வாசலை மிதிச்சா கேளு!"

"மிதிக்காட்டிப் போ. என் பிள்ளை நடக்கணும்."

கையைக் கழுவிக்கழுவிப் புண்ணைத் துடைத்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் புகட்டினாள். தோல் தடித்த கிருமி செத்தது. ஆனால் அதனிடம் படித்தவை அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டிருந்தன.

அன்று முதல்தான் கிருமிகள் மருந்துக்கு அசையாமல் நிற்கப் பழகின. அன்று முதல்தான் அம்மாக்களும், பிள்ளை சிரித்து விளையாடினாலும் விடாமல் பிடித்து வைத்து, மீதி மருந்தையும் வாயில் ஊற்ற — இதோ வர்றேன் அத்தே, கையெல்லாம் உப்பு, கழுவிட்டு ஓடி வர்றேன்.