நெய் விட்ட பசை

நேரம் பார்க்க மிதக்கவிடும், அடியில் துளையிட்ட நாழிகை வட்டில், நிறைந்து நீருக்குள் அமிழும்போது ‘களுக்’ என்று ஒரு சத்தம் வரும். வேங்கைக்கோட்டை மடைப்பள்ளியின் தலைமைச் சமையல்காரர் அம்பலத்தாடிக்கு வயதாகி, பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காமல் போன பிறகும், அந்தச் சத்தம் மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அவருடைய பிழைப்பே அந்தக் களுக்கில் தொங்கியது.

அப்போது அரண்மனையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. மடைப்பள்ளிக்கும் யானைக்கொட்டாரத்துக்கும் ஆறு வருஷப் பகை. மடைப்பள்ளியிலிருந்து யானைக்கு வரும் கவளம் சிறுத்துவிட்டது என்றான் பாகன் மாறப்பன். யானை பெருத்துவிட்டது என்றார் அம்பலத்தாடி. காவல்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வேறொரு சண்டை. தீர்த்துத் தீர்த்து அலுத்துப்போன அரசர் நல்லம பூபதி, எல்லாரையும் சேர்த்துவைக்க ஒரு போட்டி வைத்தார்.

மூன்று மூன்று பேராக ஒரு குழு. குழுவுக்குத் துடைப்பத்து ஈர்க்கு இருபது, ஒரு முழம் நூல், பசைக்கு ஒரு கை சோறு, ஓர் எலுமிச்சம்பழம். வட்டில் அமிழும் நேரத்தில் எவர் பழம் அதிக உயரத்தில் இருக்கிறதோ, அவர்களுக்கு வெற்றி. அப்போது குழுவினர் கை அதில் படக் கூடாது.

“தோற்றால் ஒரு பயம் வேண்டாமா, மகாராஜா?” என்றார் தளவாய் கடம்பராயர். “கடைசியாக வரும் குழு அரண்மனை வேலையை விட்டே போகட்டும்.”

அவருடைய மைத்துனர் மடைப்பள்ளிமேல் கண் வைத்து ஏழு மாதமாகிறது. அரசர் யோசிக்காமல் தலையசைத்தார். ஆட்களைப் பிரிக்கும் பொறுப்பும் தளவாய்க்கே வந்தது. அவர் அம்பலத்தாடியையும் மாறப்பனையும் ஒன்றாகப் போட்டார். மூன்றாவதாக, அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் உலகாயியைச் சேர்த்தார். தம் மீசையைப் பற்றி அவள் என்றோ சொன்னது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

போட்டி தொடங்கியது. சபை முழுக்க ஈர்க்குகள் நழுவின. ஒட்டினால் வழுக்கின, நிறுத்தினால் சாய்ந்தன. உலகாயி விரலை முகர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, சோத்துல நெய் விட்டீங்களா?”

“கொஞ்சமாத்தான்.”

“பசைக்கு யாராவது நெய் விடுவாங்களா?”

“என் மடைப்பள்ளியிலேருந்து வெறுஞ்சோறு வெளியே போனதே இல்லை, தாயி. கை தானாப் போயிடுச்சு.”

ஆறு வருஷத்தில் முதல்முறையாக மாறப்பன் அவரைப் பார்த்துப் பேசினான்: “என் யானைக்கு ஒருநாளாவது விட்டிருப்பியாய்யா?”

மற்றவர்கள் எப்படியோ ஒரு சாண், அரைச் சாண் எழுப்பிவிட்டார்கள். தளவாயின் ஆட்கள் ஈர்க்கு நுனியைப் பிளந்து ஒன்றில் ஒன்றைச் செருகி, இடுப்புயரம் கட்டிவிட்டார்கள். இவர்களுக்கு வந்ததோ பானையின் அடிச்சோறு. நெய்யெல்லாம் அங்கேதான் தேங்கியிருந்தது. ஈர்க்குகள் தரையோடு தரையாகக் கிடந்தன. வட்டிலில் முக்கால் பங்கு நீர் ஏறிவிட்டது. நாற்பது வருஷம் அடுப்புச் சூட்டில் நின்றவன் இனி எங்கே போய் நிற்பது? அம்பலத்தாடிக்குக் கண் கலங்கியது.

“அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். மாறப்பா, ஈர்க்கை வளைச்சுப் பிடி. அண்ணே, நூலால கட்டுங்க” என்றாள் உலகாயி.

பாகன் வளைத்தான், சமையல்காரர் கட்டினார். சின்னதாக ஒரு சும்மாடு வந்தது. அதன்மேல் பழத்தை வைத்து இரு கையாலும் ஏந்திக்கொண்டு, சிங்காதனத்தின் ஒன்பது படிகளில் அவள் விறுவிறுவென்று ஏறினாள்.

அரசரைப் பார்க்க வருகிறவர் எலுமிச்சம்பழம் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கொடுத்தவர் தம் இடத்துக்குத் திரும்பி வணங்கும்வரை அரசர் அதைக் கீழே வைக்க மாட்டார். நாளுக்கு நாற்பது பழம் வாங்கிய கை, தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

உலகாயி இறங்கினாள். ஏறியபோது இருந்த வேகம் எங்கே போயிற்றோ, படிக்குப் படி நின்று நின்று இறங்கினாள். இடத்துக்கு வந்தாள். வணங்கவில்லை.

களுக்.

மூன்று பேரும் வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள்.

தளவாய் துள்ளி எழுந்தார். “இது என்ன கோபுரம்?”

“பழம் எவ்வளவு உயரம்கிறதுதானேய்யா போட்டி? இந்தச் சபையில மகாராஜா கையைவிட உசந்த இடம் இருந்தா காட்டுங்க” என்றாள் உலகாயி.

“கை படக் கூடாது என்பது விதி!”

“எங்க குழுவோட கைதானே படக் கூடாது?”

“மகாராஜா கை தாங்குகிறதே! உங்களுக்காகத்தானே பிடித்திருக்கிறார்? அப்படியென்றால் அவரும் உங்கள் குழுதான்! நீங்கள் தோற்றீர்கள்!”

உலகாயி பணிவாகக் கை கூப்பினாள். “தளவாய் சொன்னா சரிதான். நாங்க மூணு பேரும் மூட்டை கட்டுறோம். மகாராஜாவுக்கு யார் மூட்டை கட்டுறதுன்னு தளவாயே சொல்லிடட்டும். கடைசியா வந்த குழு மொத்தமும் வேலையை விட்டுப் போகணும்கிறது அவர் வச்ச விதி.”

அரசருக்கு முதலில் சிரிப்பில் தோள் குலுங்கியது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பழம் ஒன்பது படியும் உருண்டு வந்து தளவாய் காலடியில் நின்றது.

“கடம்பராயரே, இந்த வயதில் நான் எங்கே போய் வேலை தேடுவேன்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

வேலையை விட்டு அனுப்பும் விதியை அப்போதே அடித்துவிட்டார். வெற்றிப் பரிசாக உலகாயிக்கு ஒரு ஜோடி காப்பு கிடைத்தது.

அம்பலத்தாடி மேலும் பதினாறு வருஷம் அந்த மடைப்பள்ளியில் சமைத்தார். கை நடுங்கத் தொடங்கியதும் தாமாகவே கரண்டியை இறக்கிவைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார்.